மூன்றாம் காட்சியின் கண்ணீர்

உங்கள் மேஜை விளக்கைச் சற்றுத் தள்ளி வைத்தால் நல்லது, மேடம். எனக்காகச் சொல்லவில்லை. இப்போது இருக்கிற இடத்தில் அது உங்கள் முகத்தில் பாதியை விழுங்கிவிடுகிறது. எதிரில் இருப்பவனுக்கு நீங்கள் கேட்கிறீர்களா, கேட்பதுபோல் உட்கார்ந்திருக்கிறீர்களா என்று தெரிவதில்லை. எங்கள் கூடத்தில் இதை முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிடுவோம்.

நடந்ததை என் கையாலேயே எழுதச் சொன்னீர்கள். காகிதம் கொடுத்தீர்கள், தேநீரும் வந்தது. எழுத எனக்குத் தயக்கம் இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள். எழுதி முடித்த பிறகு உங்கள் ஆட்கள் யாரும் இதில் கைவைத்து, ஆத்திரத்தில் செய்துவிட்டேன், புத்தி கெட்டுப்போய்ச் செய்துவிட்டேன் என்றெல்லாம் சேர்த்துப் பூசி மெழுகக் கூடாது. எனக்கு ஆத்திரம் வராது. யோசித்துத்தான் செய்தேன். யோசிக்காமல் மேடையில் ஒரு நாற்காலியைக்கூட நான் நகர்த்தியதில்லை.

நான் ஒரு நாடகக் குழு நடத்துகிறேன். டயர் கடைக்கு மேலே ஒரு நீளமான மாடிக்கூடம். ஒத்திகை, நடிப்பு வகுப்பு, கணக்கு வழக்கு எல்லாம் அங்கேதான். கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓட ஆரம்பித்தால் மேலே வசனம் காதில் விழாது. அந்த நேரத்தில் பேச்சில்லாத காட்சிகளைப் பார்த்துக்கொள்வோம். குழுவில் எல்லோரும் என்னை மாஸ்டர் என்பார்கள். நான் நடிகன் இல்லை. இளமையில் முயன்றேன். என் ஆசிரியர் ஒருநாள் எல்லோர் முன்னாலும், "உனக்குக் கண்ணு இருக்கு, உடம்பு இல்ல. பக்கத்துல நின்னு பாரு, போதும்" என்றார். அதையே தொழிலாக்கிக்கொண்டேன். பார்ப்பதுதான் என் வேலை. ஒரு நடிகர் பொய்யாகக் கையை அசைத்தால் எனக்குப் பல் கூசும். எந்தக் கூட்டத்திலும், எந்த மூலையில் நின்றாலும் என் கண்ணுக்குத் தப்பாது.

நடிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது உங்களுக்குப் புரியும். போன நூற்றாண்டில் இந்தக் கலையைத் தலைகீழாக மாற்றிய ஆசான்கள் சிலர் உண்டு. அவர்களில் மூத்தவர் ஒரு ருஷ்யர். நடிகன் தன் சொந்த நினைவுக்குள் இறங்கி, தான் பட்ட வலியைத் தொட்டு எடுத்து அதைப் பாத்திரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றார். அவரிடமே பயின்ற இன்னொருவர், மனம் கிடக்கட்டும், உடம்பைப் பழக்கு, ஓடுகிறவனுக்குப் பயம் தானாக வரும் என்றார். ஜெர்மன்காரர் ஒருவர் பாத்திரத்தில் கரையவே கூடாது என்றார். பக்கத்தில் நின்று சுட்டிக்காட்டு, பார்க்கிறவன் அழாமல் யோசிக்கட்டும் என்பது அவர் கட்சி. நான் மூத்தவர் கட்சி. அவரும் கடைசிக் காலத்தில் சற்று மனம் மாறி, செய்ய வேண்டிய செயலைச் சரியாகச் செய்தால் போதும், உணர்ச்சி பின்னாலேயே வந்துவிடும் என்ற பக்கம் சாய்ந்தார். வயதானால் எல்லோரும் விட்டுக்கொடுத்துப் போவார்கள் என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் மனைவி எங்கள் வகுப்புக்கு வந்தபோது துணிக்கடை வாசலில் பொம்மையாக நிற்கும் வேலையில் இருந்தாள். முகத்தில் வெள்ளிப் பூச்சோடு, இமைக்காமல், மூச்சு தெரியாமல் நிற்க வேண்டும். குழந்தைகள் கிள்ளிப் பார்க்கும். அசைந்தால் அன்றைய சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். உடம்பு அவள் சொன்னபடி கேட்டது. உள்ளே ஒன்றும் இல்லை. அப்படித்தான் நான் நினைத்தேன்.

வகுப்பில் ஒருநாள் அவளை நாற்காலியில் உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். மெல்ல மெல்லக் கேள்வி கேட்டு உள்ளே இறக்கினேன். அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். அவன் எதையோ உடைத்ததற்காக இவள், "எங்கயாவது போய்த் தொலை" என்று கத்தியிருக்கிறாள். அவன் கல்குவாரிக் குட்டைக்குக் குளிக்கப் போனான். திரும்பவில்லை. அன்று அவள் அழுத அழுகையில் கீழே டயர் கடைக்காரர்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மேலே வந்து பார்த்தார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவளைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

எங்கள் பெயரை ஊரறியச் செய்த நாடகம் அதற்குப் பிறகு வந்தது. காணாமல்போன மகனுக்காகக் காத்திருக்கும் தாய். மூன்றாம் காட்சியில் ஓர் அதிகாரி ஒரு சட்டையைக் கொண்டுவந்து, இது உன் மகனுடையதா என்று கேட்பார். அவள் சட்டையைப் புரட்டுவாள். வேறு நிற நூலில் தன் கையாலேயே தைத்த பொத்தான் தெரியும். மடித்து வைப்பாள். "இது என் பிள்ளையோடது இல்லீங்க" என்பாள். அதைச் சொல்லும்போது கண்ணிலிருந்து நீர் வழியும். முகம் அசையாது, குரல் உடையாது, நீர் மட்டும். அரங்கத்தில் ஒரு இருமல் கேட்காது.

ஒவ்வொரு நாள் நாடகத்துக்கும் முன்னால் ஒப்பனை அறையில் அவளைச் சுவரைப் பார்த்து உட்கார வைப்பேன். "அன்னைக்கு அவன் என்ன சட்டை போட்டிருந்தான்? குட்டையில தண்ணி என்ன நிறம்? நீ என்ன சொன்ன? சொல்லு, அதே குரல்ல சொல்லு." அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையசைப்பாள். எழுந்து மேடைக்குப் போவாள். நான் ஓரத்தில் நின்று பார்ப்பேன். அந்த நாட்களில் என்னைவிடச் சந்தோஷமான மனிதன் இருந்திருக்க மாட்டான்.

அந்த வருடம் மழைக்காலத்தில் அரங்கத்தைப் புதுப்பித்தார்கள். இருக்கைகளுக்குப் புது உறை, மேடைக்குப் புது விளக்குகள், சுவருக்கு வெள்ளை. திறந்ததும் முதல் நாடகம் எங்களுடையதுதான். மூன்றாம் காட்சியில் அவள் சட்டையை மடித்தாள், வசனத்தைச் சொன்னாள். கண் காய்ந்து கிடந்தது. அரங்கத்தில் இருமல் கேட்டது. அடுத்த நாள் நாடகத்திலும் அதே கதை. வீட்டில் கேட்டேன். "வரல. சரியாயிடும், விடுங்க" என்றாள்.

இது என்ன என்று எனக்குத் தெரியும். என் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். நினைவு சட்டைத் துணி மாதிரி. துவைக்கத் துவைக்க வெளுத்துவிடும். தம்பியின் சாவை அவள் மேடையில் எடுத்து எடுத்துச் சாயம் போக்கிவிட்டாள். அதைவிட மோசம், தன்னை மன்னிக்கத் தொடங்கிவிட்டாள். வெறும் துக்கம் ஆறிவிடும் மேடம். என்னால்தான் என்ற எண்ணம் அதில் கலந்தால்தான் அது நின்று எரியும். இந்த நேரம் பார்த்து வெளியூர் நாடக விழா ஒன்றின் தேர்வுக் குழு எங்களைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் நாங்கள் ஒரு வருடம் ஊர் ஊராகப் போய் நடிக்கலாம். மூன்றாம் காட்சி உப்புச் சப்பில்லாமல் போனால் டயர் கடை மாடியோடு எங்கள் கதை முடிந்தது.

முதலில் சின்னதாகத்தான் முயன்றேன். அவளிடம் ஒரு பூனை இருந்தது, ஒரு காது மடங்கியது. அதை ஒரு கூடையில் எடுத்துப்போய் ரயில் பாதைக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தேன். "காலையில நீ கதவைச் சாத்தாமப் போயிட்ட போல" என்றேன். தெருத் தெருவாகத் தேடினாள். கம்பங்களில் படம் ஒட்டினாள். "நான் சாத்திட்டுதான போனேன். கை தாழ்ப்பாளைத் தொட்டது எனக்கு ஞாபகம் இருக்கே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆனால் அந்த வார நாடகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பூனை போதாது என்று புரிந்துகொண்டேன்.

இனி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய அப்பா. மாமியார் இறந்த பிறகு எங்களோடுதான் இருந்தார். பல் செட் செய்வது அவர் தொழில். மருத்துவர்கள் எடுத்தனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, பார்த்தே இராத மனிதர்களுக்குப் பல்வரிசை செய்வார். "இந்த ஊர்ல பாதிப் பேரு சிரிக்கிறது என் சிரிப்புதான் மாப்ள. நீங்க அழ வைக்கிறீங்க, நான் சிரிக்க வைக்கிறேன். எதுவானாலும் அளவு சரியா உக்காரணும், இல்லேன்னா குத்தும்" என்பார். தன் பல் செட்டைக் கழற்றிக் கண்ணாடி டம்ளரில் போட்டு, அதையும் ஒரு ஆளாக வைத்து எங்களோடு சீட்டாட உட்காருவார். "இவன் சிரிச்சுக்கிட்டே இருக்கான், நல்ல சீட்டு வந்திருக்கு, உஷார்." அவரை எனக்கு மிகவும் பிடிக்கும். என் அப்பாவிடம்கூட நான் அப்படி வாய்விட்டுச் சிரித்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், வெறுப்பில் செய்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

நாடகத்தை அவர் ஒரு தடவைதான் பார்த்தார், அதுவும் நல்ல நாட்களில். திரும்பி வரும் வழியில், "நல்லா அழுவுறா. ஆனா இது அவ அழுகை இல்ல மாப்ள. சின்னதுல அவ அழுதா மூக்கெல்லாம் செவந்து, மொகத்தைத் தொடச்சிக்கிட்டே நம்மளத் திட்டுவா. இது யாரோடதோ" என்றார். பல் செட்காரருக்கு நடிப்பு என்ன தெரியும் என்று நான் சிரித்துவிட்டேன்.

மாமாவுக்கு இதயம் பலவீனம். படி ஏறினால் நெஞ்சு பிடித்துக்கொள்ளும். நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்துக்கொண்டு சன்னலோரப் பிரம்பு நாற்காலியில் சாய்வார். சிறிது நேரத்தில் முகம் தெளிந்துவிடும். மாத்திரை பாட்டில் வாசல் கதவருகே மரத்தட்டில் சாவிகளோடு இருக்கும். தெருவுக்குப் போனால் எடுத்துப் போக மாட்டார். "பால் வாங்கப் போறதுக்கு மருந்துக்கடையையே தூக்கிட்டுப் போகணுமா" என்பார். தூரமாகப் போனால் மகளும் கூடப் போவாள், பாட்டிலைத் தன் கைப்பையில் போட்டுக்கொள்வாள். திரும்பியதும் தட்டில் வைத்துவிடுவாள். ஒருநாள் வைக்க மறந்திருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதைச் சில நாட்கள் மனதில் போட்டு வைத்திருந்தேன். காட்சி அமைப்பு அப்படித்தான், அவசரப்படுத்தினால் கெட்டுப்போகும்.

எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகும். அதை நான் பழுதாக்கினேனா என்று உங்கள் உதவியாளர் கேட்டார். இல்லை. அது தானாக நிற்கும் நாளுக்காகக் காத்திருந்தேன், அவ்வளவுதான்.

அந்த நாள் வந்தது. முந்தின நாள்தான் அப்பாவும் மகளும் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தார்கள். அவள் தையற்கடைக்குப் புது உடுப்பு அளவு பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். குளிக்கப் போயிருந்த நேரத்தில் தட்டிலிருந்து பாட்டிலை எடுத்து அவள் பையில் வைத்தேன். அவள் போன பிறகு மாமாவிடம், "பால் தீர்ந்துபோச்சு மாமா, நான் ஒரு போன் எதிர்பார்த்துட்டு இருக்கேன்" என்றேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினார். ஏறி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகம் வேர்த்திருந்தது, ஆனாலும் சிரித்தார். "சர்க்கரையும் இல்ல மாமா, நான் சொல்ல மறந்துட்டேன்" என்றேன். "நாடகக்காரனுக்கு வசனம் மட்டும் மறக்காது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் இறங்கினார்.

இரண்டாம் முறை வந்தவர் நேராக நாற்காலிக்குப் போனார். தட்டைக் காட்டி, "மாப்ள, பாட்டில்" என்றார். நான் தட்டில் பார்த்தேன். சமையலறையில் பார்த்தேன். அவர் படுக்கை அறையில் பார்த்தேன். தேடுகிற மனிதன் என்னென்ன செய்வானோ அத்தனையும் செய்தேன். "காணோம் மாமா, தேடறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகு தேடுவதற்கு இடமில்லை. அவருக்கு எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். போன் என் மடியில் இருந்தது.

அவர் என்னைப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவர் திட்டவில்லை, கெஞ்சவில்லை. கையை வாய்க்குக் கொண்டுபோய்ப் பல் செட்டைச் சரி செய்துகொண்டார். எந்த நடிகனும் அந்த இடத்தில் அதைச் செய்ய யோசித்திருக்க மாட்டான். நான் கண்ணை எடுக்கவில்லை. எல்லாம் அடங்கும்வரை உட்கார்ந்து பார்த்தேன். அதன் பிறகு ஆம்புலன்சை அழைத்தேன். குரல் நடுங்க வேண்டிய இடத்தில் நடுங்கியது.

வயதான இதயம், படி ஏறியிருக்கிறார் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அவள் தையற்கடையிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். மூக்கு சிவந்திருந்தது. முகத்தைத் துடைத்துத் துடைத்து, எதிர்ப்பட்ட நர்ஸையெல்லாம் திட்டினாள். எனக்கு மாமா சொன்னது ஒரு கணம் நினைவுக்கு வந்தது. அதை ஒதுக்கிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் சாவிக்காகக் கைப்பையில் கைவிட்டவள் அப்படியே நின்றாள். பிறகு என்னிடம் வந்து, "பாட்டில் என் பையில இருக்கு" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. நான் அவளை அணைத்துக்கொண்டேன். "நீ வேணும்னா செஞ்ச? மறந்துட்ட. இதை யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்" என்றேன். அவள் தோள் குலுங்கியது. இனி ஆயுசுக்கும் இவளுக்கு இது போதும் என்று நினைத்தேன். ஒரு கணவன் மனைவிக்குச் செய்யக்கூடியதில் பெரிய காரியம் ஒன்றைச் செய்துவிட்டதாகவே அப்போது பட்டது.

நாடகத்தைத் தள்ளிப் போடலாம் என்று குழுவில் சொன்னார்கள். அவள்தான் மறுத்தாள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றாள். தேர்வுக் குழு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. ஒப்பனை அறையில் அவளைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தேன். இந்த முறை தம்பியைப் பற்றிக் கேட்கவில்லை. "தட்டு எங்க இருந்துச்சு? அதுல என்ன இருந்திருக்கணும்? அப்பா கையை நீட்டி என்ன கேட்டிருப்பாரு?" என்று கேட்டேன். அவள் கண்ணைத் திறந்து கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். எழுந்து மேடைக்குப் போனாள்.

சட்டையைப் புரட்டினாள். பொத்தானைப் பார்த்தாள். மடித்தாள். "இது என் பிள்ளையோடது இல்லீங்க." கண் காய்ந்தே இருந்தது.

நாடகம் முடிந்து தேர்வுக் குழுத் தலைவர் வந்து என் கையைக் குலுக்கினார். "அந்தம்மா அழாம நின்னாங்க பாருங்க, அங்கதான் நாங்க உடைஞ்சு போயிட்டோம்" என்றார். எங்களைத் தேர்ந்தெடுத்தும் விட்டார்கள். விவரம் தெரியாதவர்கள். நான் ஒப்பனை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, என்ன நடந்தது, எதை நினைத்தாய் என்று கேட்டேன்.

"எதையும் நினைக்கல. நான் எப்பவுமே எதையும் நினைச்சு அழுததில்லங்க" என்றாள், முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டே. "வலது ஓரத்துல மூடியில்லாம ஒரு பழைய விளக்கு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? சட்டையை மடிக்கும்போது அதோட இழையை இமைக்காமப் பார்ப்பேன். மூச்சை மேலாப்புல சின்னச் சின்னதா விடுவேன். வசனம் வர்றதுக்குள்ள கண்ணு தானா நிறைஞ்சுடும். கடை வாசல்ல நின்ன காலத்துல கத்துக்கிட்டது. புது விளக்கு கண்ணுல குத்த மாட்டேங்குது. லைட்காரர்கிட்டச் சொல்லியிருக்கேன், பழசு ஒண்ணு தேடித் தர்றேன்னாரு."

நான் தம்பியைப் பற்றிக் கேட்டேன்.

"வகுப்புல அன்னைக்கு ஒரு தடவை அழுதேன், அது நிஜம். அதோட சரி. தினம் தினம் மேடையில கொண்டுவந்து அவனைச் சாகடிக்க எனக்கு மனசு வரல. நீங்க கண்ணை மூடச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் மறுநாள் கடையில என்ன வாங்கணும்னு நினைச்சுக்கிட்டு இருப்பேன். உங்க முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். கெடுக்க வேண்டாம்னு விட்டுட்டேன்."

அப்போது நான் ஒன்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "இதை நீ முன்னாடியே சொல்லியிருந்தா..." என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அவள் கையிலிருந்த பஞ்சு நின்றது. "சொல்லியிருந்தா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன். அவள் தொடர்ந்து முகத்தைத் துடைத்தாள். வீட்டுக்கு வரும் வழியில், சம்பந்தமில்லாமல், "பூனை காணாமப்போன அன்னைக்கும் என் கை தாழ்ப்பாளைத் தொட்டுச்சுங்க" என்றாள்.

மறுவாரம் அவள் உங்களைக் கூட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். உங்கள் ஸ்டேஷனுக்கு அவள் போய் வந்தது எனக்கு அப்போது தெரியாது. சித்தி மகள், வெளியூரிலிருந்து வந்திருக்கிறாள், ஒத்திகை பார்க்க ஆசைப்படுகிறாள் என்றாள். உங்களைப் பாராட்ட வேண்டும் மேடம். கைக்குட்டைத் துணியால் விசிறிக்கொண்டு, நடிகர்களைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு, பின்வரிசையில் அசல் சித்தி மகளாகவே உட்கார்ந்திருந்தீர்கள். எந்த ஆசானிடம் படித்தீர்களோ தெரியாது. என் கண்ணுக்குத் தப்பிய ஒரே ஆள் நீங்கள்தான்.

அவள் என்னிடம், "மனசு ஆறமாட்டேங்குது. முந்தின நாள் பாட்டிலைத் தட்டுல வச்ச மாதிரிதான் இருக்கு, காலையில மறதியா நானே மறுபடி பையில போட்டிருப்பேன் போல. அன்னைக்குக் காலையில நடந்ததை ஒரு தடவை செஞ்சு பார்க்கணும். நீங்க வகுப்புல சொல்லிக் கொடுக்கிற அதே பயிற்சி. நீங்க பாருங்க, தப்பா இருந்தா சொல்லுங்க" என்றாள். ஒரு நாளை அசைவு அசைவாகத் திரும்பச் செய்து பார்ப்பது என் வகுப்பில் முக்கியமான பயிற்சி. நான் சந்தோஷப்பட்டேன். இவள் கடைசியில் என் வழிக்கு வருகிறாள் என்று நினைத்தேன்.

ஒரு நாற்காலியைக் கதவாக வைத்தாள். இன்னொன்றின் மேல் தட்டு, சாவி, பாட்டில். தோளில் அதே கைப்பை. குளித்துவிட்டு வருகிறவளாக வந்தாள். தலையைத் துவட்டினாள். சாவியை எடுத்தாள், குடையை எடுத்தாள். அதுவரை ஒவ்வொரு அசைவும் உயிரோடு இருந்தது. பிறகு பாட்டிலை எடுத்தாள். எடுத்து, ஒரு பெருமூச்சு விட்டு, மோட்டுவளையைப் பார்த்து, கையை அகல வீசிப் பையின் பெரிய வாய்க்குள் போட்டாள். கிராமபோன் காலத்து நாடகத்தில்கூட அப்படி ஒரு மோசமான நடிப்பை நீங்கள் பார்த்திருக்க முடியாது. எனக்குப் பல் கூசியது.

"நிறுத்து" என்றேன். "திரும்பச் செய்."

திரும்பச் செய்தாள். இன்னும் மோசமாகச் செய்தாள். பாட்டிலை நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"அப்படி இல்ல. கொடு இங்க" என்று நான் எழுந்து போனேன். அவள் தோளிலிருந்து பையை வாங்கினேன். அன்று அது தோளில் இல்லை, நாற்காலியில் இருந்தது, நாற்காலியில் வைத்தேன். பாட்டிலை இடது கையில், மாத்திரைகள் குலுங்காதபடி விரலால் அழுத்திப் பிடித்தேன். பெரிய வாயைத் தொடவில்லை. பக்கவாட்டில் இருக்கும் சின்ன அறையின் ஜிப்பை இழுத்தேன். அது பாதியில் சிக்கும். சிக்கியது. தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லையே என்று குளியலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தேன். மறுபடி இழுத்தேன், திறந்தது. பாட்டிலை உள்ளே வைத்து, கைக்குட்டையை மேலே செருகி, ஜிப்பை மூடி, விரல்களை வேட்டியில் துடைத்தேன். திரும்பி, முதுகைச் சற்று வளைத்து, செய்தித்தாள் படிக்கிறவனாக உட்கார்ந்தேன். எல்லாம் சரியாக வந்தது. ஓர் அசைவு கூடுதல் இல்லை, குறைவு இல்லை. உடம்பு இல்லை என்று என்னிடம் சொன்ன ஆசிரியர் அங்கே இருந்திருந்தால் எழுந்து நின்றிருப்பார். கீழே இயந்திரம்கூட ஓடவில்லை.

தலைநிமிர்ந்தபோது என் மனைவி அழுதுகொண்டிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே, "பையிலன்னுதான் சொன்னேன். எந்த அறையிலன்னு உங்ககிட்ட நான் சொல்லவே இல்ல" என்றாள். நீங்கள் பின்வரிசையிலிருந்து எழுந்தீர்கள். விசிறிக்கொண்டிருந்த துணியை மடித்துப் பையில் வைத்தீர்கள்.

என் மாமனாரை நான்தான் கொன்றேன். பாட்டிலை எடுத்ததும் நான்தான், அதை அவள் தலையில் கட்டியதும் நான்தான். உங்கள் சட்டத்தில் இதற்கு என்ன பெயரோ அதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எதையும் நிரூபித்திருக்க முடியாது, ஏன் எழுந்து போனீர்கள் என்று உங்கள் உதவியாளர் ஆச்சரியமாகக் கேட்டார். அவருக்கு நாடகம் தெரியாது, அதனால்தான் கேட்கிறார். அவள் செய்தது பொய் மேடம். கண்ணெதிரே ஒரு பொய் நடக்கும்போது சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.